கழிக்க முடியாத புகை

நாவல்முடி மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்தில், தகரக் கூரை போட்ட ஆய்வுக் குடில் ஒன்று இருந்தது. சுற்றிலும் தைல மரங்கள். வெயில் ஏறினால் காடு முழுக்க மணக்கும்.

குடிலில் இரண்டு மாணவர்கள் தங்கியிருந்தார்கள். ஒருவருக்கு வயது ஐம்பத்தொன்பது. மற்றவருக்கு முப்பத்தாறு.

மூத்தவர் சிதம்பரநாதன். அரசுப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். இளையவர் இசக்கியம்மாள். மகளிர் கல்லூரியில் விரிவுரையாளர். ஆராய்ச்சிக்காக விடுப்பில் வந்திருந்தார். பதினொன்றாம் வகுப்பில் அவருக்கு வேதியியல் கற்பித்தவர் இதே சிதம்பரநாதன்தான்.

இருவருக்கும் இப்போது ஆசிரியர் பூங்கோதை. அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

முதல் நாள் பூங்கோதை உள்ளே வந்ததும் சிதம்பரநாதன் எழுந்து நின்றார். சார் எழுந்ததைப் பார்த்து இசக்கியும் எழுந்தார்.

"ரெண்டு பேரும் உட்காருங்க," என்றார் பூங்கோதை.

ஆசிரியர் சொன்னதும் சிதம்பரநாதன் உட்கார்ந்தார். சார் உட்கார்ந்த பிறகுதான் இசக்கி உட்கார்ந்தார்.

அவர்கள் மூவரும் தேடியது ஒரு பிறப்பை.

மரங்கள் வெயிலில் ஆவியை விடுகின்றன. அதைத்தான் நாம் மணம் என்கிறோம். அந்த ஆவி காற்றிலுள்ள ஓசோனைச் சந்தித்து மாறுகிறது. கனக்கிறது. அதற்கு மேல் ஆவியாகவே மிதந்துகொண்டிருக்க அதனால் முடிவதில்லை. சில மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பெரும்பாலும் அவை உடனே பிரிந்துவிடும். பிரியாமல் நின்றால் அது ஒரு துகள். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் மேலும் மேலும் ஆவி படியும். துகள் வளரும். ஓரிரு நாளில் ஒரு மேகத்துளியைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாகும்.

இந்தப் பிறப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. குடிலில் இருந்த கருவி துகள்களை அளவு பார்த்து எண்ணித் திரையில் படமாகப் போடும். பிறப்பு நிகழ்ந்தால் படத்தின் அடிவிளிம்பில் ஒரு நிறம் தோன்றும். நேரம் போகப் போக அது வளைந்து மேலே ஏறும். சீப்பிலிருந்து பிரித்து வைத்த வாழைப்பழம் போல இருக்கும். அதனால் ஆய்வாளர்கள் அதைப் பழம் என்றே சொல்வார்கள்.

பூங்கோதை பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுக்கக் கீழே போயிருந்தார். தினமும் சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"பழம் உண்டா?"

"காய்கூட இல்ல மேடம்," என்பார் இசக்கி. "மேடம், ஒண்ணு..."

அதற்குள் சிதம்பரநாதனின் குரல் வரும். "குடு இசக்கி, நான் விவரமாச் சொல்லுதேன்."

கருவி இரவல் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்து அதை வேறொரு மலைக்கு எடுத்துப் போகும். அதற்குள் ஒரு பிறப்பாவது பதிவாக வேண்டும். பதிவானால் கருவி இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் நாவல்முடி ஆய்வு அதோடு முடிந்தது.

சிதம்பரநாதனுக்கு அது வெறும் ஆய்வு இல்லை. வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் கரும்பலகையில் மேகம் வரைந்தவர். மேகத்துக்கு ஒரு விதை வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொன்னவர். ஒரு விதையையும் அவர் பார்த்ததில்லை. பார்க்கத்தான் இந்த வயதில் மலை ஏறி வந்திருந்தார்.

வியாழக்கிழமை முற்பகலில் பூங்கோதை திரும்பி வந்தார். வாசலில் காலணியைக் கழற்றும்போதே மூக்கை உயர்த்தினார்.

"நல்ல மணமா இருக்கே."

"சார் போட்ட சாம்பிராணி மேடம்," என்றார் இசக்கி. இன்னும் ஏதோ சொல்லப் போகிறவர் போல நின்றார்.

"வாங்க மேடம், வாங்க!" என்று உள்ளிருந்து சிதம்பரநாதன் குரல் கொடுத்தார். "பள்ளிக்கூடத்து லேப்ல சாம்பிராணி போடாம நான் ஒரு நாளும் வேலைய ஆரம்பிச்சதில்ல. மெஷினும் சரஸ்வதிதானே? பூச்சியும் வராது. அந்தக் காலத்துல இந்த இசக்கிதான் கரி ஊதுவா. என்ன இசக்கி?"

"ஆமா சார்."

தூபக்கால் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு மேலேதான் கருவிக்குக் காற்றெடுக்கும் குழாயின் வாய். காலை நேரத்தில் பள்ளத்தில் காற்று அசையாது. ஜன்னல் வழியே வெளியேறிய புகை வேறெங்கும் போகாமல் குடிலைச் சுற்றியே நின்றது.

"குழாய் மேல இருக்கு சார்," என்றார் பூங்கோதை.

"பாத்துட்டுத்தான் மேடம் வச்சேன். புகைத்துகள் பெரிசு. நாம தேடுறது அப்பத்தான் பிறக்குற பொடிசு. ரெண்டும் படத்துல வேற வேற உசரத்துல வருது. பெரிசைக் கழிச்சுட்டா மிச்சம் சுத்தம். தினமும் கழிச்சுட்டுத்தான் பாக்கேன்."

பூங்கோதை இசக்கியைப் பார்த்தார். இசக்கி தரையைப் பார்த்தார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் சிதம்பரநாதன். அவர் குரல் தாழ்ந்தது. "மரம் இருக்கு. வெயில் இருக்கு. மணமும் இருக்கு. அப்புறம் ஏன் மேடம் எதுவும் பிறக்க மாட்டேங்குது?"

பூங்கோதை சற்று யோசித்தார்.

"அடுப்புல கொஞ்சம் தண்ணி வைக்கலாமா?"

தண்ணீர் கொதித்தது. பாத்திரத்தின் வாய்க்கு மேலே வெண்மையாகச் சுருண்டு சுருண்டு எழுந்தது.

"இசக்கி, என்ன தெரியுது?"

"வெள்ளையா மேடம்..."

"அது ஆவியில்ல மேடம்," என்றார் சிதம்பரநாதன். "ஆவி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்து பொடித் துளியா ஆயிருக்கு. அதுதான் வெள்ளையாத் தெரியுது."

பூங்கோதை ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தார். பாத்திரத்தின் வாயை ஒட்டிப் பிடித்தார். வெண்மை மறைந்தது. தட்டின் அடிப்புறம் முத்து முத்தாக நனைந்தது.

"இப்போ என்ன ஆச்சு இசக்கி?"

"மேடம், அது..."

"தட்டுல படிஞ்சிருச்சு!" என்றார் சிதம்பரநாதன். "குளிர்ந்த பரப்பு பெரிசாப் பக்கத்துலயே இருந்தா, ஆவிக்கு அதுல போய் ஒட்டுறதுதான் சுலபம். தனியாத் துளி உண்டாக வழியே இல்ல. இதை நான் வகுப்புல செஞ்சே காட்டியிருக்கேன். ஞாபகம் இருக்கா இசக்கி?"

"இருக்கு சார்."

"தெளிவாச் சொன்னீங்க," என்றார் பூங்கோதை.

"அந்தத் தண்ணிய வீணாக்க வேண்டாம் மேடம். டீ போட்டுருவோம்," என்றார் சிதம்பரநாதன்.

மூவரும் தேநீர் குடித்தார்கள். பூங்கோதை டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், நாளைக்கு நான் ஒண்ணு சொன்னா செய்வீங்களா?"

"நீங்க குரு. சொன்னாச் செய்ய வேண்டியதுதான்."

"விடிஞ்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் பேசக் கூடாது."

சிதம்பரநாதன் சிரித்துவிட்டார். "என் வீட்டுக்காரி கல்யாணமான நாள்ல இருந்து இதைத்தான் மேடம் கேக்கா."

"அவங்களுக்காகவும் சேர்த்து இருங்க."

"எழுதிக் காட்டலாமா?"

"அதுவும் பேச்சுத்தான்."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"மத்தியானத்துக்கு அப்புறம் கேளுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்தது. சிதம்பரநாதன் வாயைத் திறக்கவில்லை. கரியைக் கனிய வைத்தார். சாம்பிராணியைத் தூவினார். ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார்.

பூங்கோதை குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டார்.

குடிலில் இருவர் மட்டும் இருந்தார்கள். கருவி மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு மழை வரும்போல இருக்கு சார்," என்றார் இசக்கி.

சிதம்பரநாதன் திரையையே பார்த்தார்.

இசக்கி நாற்காலியைத் துடைத்தார். துடைத்த நாற்காலியையே மறுபடியும் துடைத்தார்.

"சார்."

சிதம்பரநாதன் திரும்பினார்.

"நீங்க கோவப்படக் கூடாது."

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"புகையக் கழிச்சாச்சுன்னு சொல்லுதீங்க. படத்துல கழியும் சார். ஆனா..."

இசக்கி நிறுத்தினார். பழக்கம் அது. பள்ளியில் எந்தப் பிள்ளை வாக்கியத்தைத் தொடங்கினாலும் சார்தான் முடித்து வைப்பார். இன்று அந்த வாக்கியம் முடிக்க ஆளின்றி அப்படியே கிடந்தது.

இசக்கி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தானே முடித்தார்.

"ஆனா, அது தின்னதை எப்படிக் கழிப்பீங்க?"

சிதம்பரநாதனின் உதடு அசைந்தது. கை பேனாவைத் தேடியது. பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது.

"நேத்து மேடம் தட்டு பிடிச்சாங்கல்லா? புகைதான் சார் அந்தத் தட்டு. மரம் விடுற மணம் பூரா புகைத்துகள் மேலயே போய்ப் படிஞ்சிருது. புதுசாப் பிறக்க மிச்சமே இல்ல. தப்பிப் பிறந்த ஒண்ணு ரெண்டும் வளர்றதுக்குள்ள அதுலயே மோதி ஒட்டிக்கிடுது. பெரிசைக் கழிச்சுட்டுக் கீழே பாக்கோம். கீழே எப்படி இருக்கும்? வெறும் இடத்தைத்தான் தினமும் சுத்தமா அளந்துக்கிட்டு இருக்கோம்."

சிதம்பரநாதன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று அந்தப் பார்வை கேட்டது.

"வந்த மறுநாளே தோணுச்சு சார். சொல்ல வந்தேன். நீங்க வேற விஷயம் பேசிக்கிட்டு இருந்தீங்க. மறுபடியும் வந்தேன். அப்பவும் பேசிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் விட்டுட்டேன்." இசக்கி தூபக்காலைப் பார்த்தார். "சின்னதுல நான் ஊதின கரிதானே சார். அணைங்கன்னு சொல்ல வாய் வரல."

கரி மெல்ல வெடித்தது. புகை ஜன்னல் கம்பிகளைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று.

சிதம்பரநாதன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை மடித்துத் தூபக்காலின் பிடியைச் சுற்றிப் பிடித்தார். வெளியே நடந்தார். பள்ளத்தைத் தாண்டி ஓடைவரை கொண்டுபோனார்.

ஓடையில் பூங்கோதை குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் சற்று விலகி இடம் விட்டார். சிதம்பரநாதன் குனிந்து தண்ணீர் அள்ளிக் கரியின் மேல் ஊற்றினார். சீறல் அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானம் ஆயிற்று. விரதம் முடிந்தது.

"சோறு வெந்தாச்சா?" என்றார் சிதம்பரநாதன். அதற்குமேல் அன்று அவர் எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் மழை பெய்தது. தகரக் கூரையின்மேல் யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டுவது போலப் பெய்தது. இசக்கி வாசலில் நின்று மேகத்தைத் திட்டினார். நாளைக்கும் வெயில் வராவிட்டால் எல்லாம் முடிந்தது.

சனிக்கிழமை வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. புகை இல்லை. புழுதி இல்லை. எதிர் மலையில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. வெயில் ஏற ஏறத் தைல இலைகள் மணக்கத் தொடங்கின.

சிதம்பரநாதன் குடிலுக்குள் இருக்கவில்லை. தூரத்தில் ஒரு பாறையின்மேல் போய் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு இசக்கி வெளியே ஓடிவந்தார்.

"சார்! மேடம்! பழம்!"

சிதம்பரநாதன் ஓடினார். ஐம்பத்தொன்பது வயதில் அப்படி ஓடக் கூடாதுதான்.

படத்தின் அடிவிளிம்பில் மங்கலாக ஒரு மஞ்சள். அவ்வளவுதான். முதலில் அழுக்கோ என்று தோன்றும். சற்று நேரத்தில் அது தடித்தது. பிறகு விளிம்பைவிட்டு எழுந்தது. அந்த நேரத்தில் வெளியே காட்டில் கோடி கோடித் துகள்கள் வளர்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஒரு கோடு வளைந்துகொண்டிருந்தது.

சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

மத்தியானத்துக்குப் பிறகு வளைவு ஓரிடத்தில் சட்டென்று முறிந்தது.

"இதென்ன, இங்க உடைஞ்சிருக்கு?" என்றார் இசக்கி, தனக்குத் தானே.

சிதம்பரநாதனுக்குக் காரணம் தெரிந்தது. பார்த்த உடனேயே தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார்.

இன்று அவருக்கு எந்த விரதமும் இல்லை.

வாயை மூடிக்கொண்டார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

இசக்கி திரையைப் பார்த்தார். நகத்தைக் கடித்தார். ஜன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தார். காற்றின் திசை பார்க்க வாசலில் கட்டியிருந்த துணி எதிர்ப்பக்கம் திரும்பி ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து மாறிட்டு!" என்றார். "இது மேற்கே புல்வெளிப் பக்கத்துக் காத்து. அங்க மரமே கிடையாதுல்லா! துகள் வளர்றது நிக்கல சார், வேற காத்து உள்ள வந்துட்டு. அதான் முறிவு. சரிதானே சார்?"

"இருக்கும்," என்றார் சிதம்பரநாதன்.

"இருக்கும் இல்ல சார். அதேதான்."

"சரி. அதேதான்."

சாயங்காலம் சிதம்பரநாதன் பாறையருகே வந்து நின்றார். பூங்கோதை அங்கே இருந்தார்.

"மத்தியானத்துக்கு அப்புறம் கேக்கலாம்னு சொன்னீங்க மேடம்."

"ஆமா. நேத்தே கேட்பீங்கன்னு நெனச்சேன்."

"வாசல்ல காலு வைக்கும்போதே உங்களுக்கு மணம் பிடிபட்டுருச்சு. அப்பவே அணைக்கச் சொல்லியிருக்கலாம். இசக்கி வாயத் திறக்காமலே இருந்திருந்தா? நேத்து மழை பெய்யாம இருந்திருந்தா? மெஷின் போயிருக்குமே."

"போயிருக்கும். ராத்திரி எனக்குத் தூக்கம் வரல."

"அப்புறம் ஏன் மேடம்?"

"போன்ல தினமும் இசக்கி எதையோ சொல்ல மூச்சை இழுப்பாங்க. எனக்குக் கேட்கும்," என்றார் பூங்கோதை. "அப்புறம் உங்க குரல் வரும்."

சிதம்பரநாதன் குடிலைத் திரும்பிப் பார்த்தார்.

குடிலுக்குள் இசக்கி, கருவியை இரவல் தந்தவரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஜீப் வேண்டாம் சார், மெஷின் இங்கதான் இருக்கும். படத்தை அனுப்பியிருக்கேன் பாருங்க. இல்ல, பாத்துட்டுப் பேசுங்க!" என்று சிரித்தார். அவர் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று சிதம்பரநாதனுக்கு அதுவரை தெரியாது.

"அப்போ நான் ஊருக்குப் போயிரட்டுமா மேடம்?" என்றார் மெதுவாக. "வளர்றவங்களுக்கு நான் இடைஞ்சலா இருந்தா..."

பூங்கோதை மேற்கே கை காட்டினார். மலைமுடியைத் தாண்டி ஒரு மேகம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அதைப் பாருங்க சார். காலைல பிறந்த பொடிசு மேல அது உட்காராது. வளர்ந்து பெரிசாகி நிக்கிறது மேலதான் உட்காரும்."

சிதம்பரநாதன் பார்த்தார்.

"மேகத்துக்கு நீங்க வேணும் சார்," என்றார் பூங்கோதை. "காலைல பத்து மணிக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."